விதைக்கூடை இல்லாத பூண்டு

விடுதியில் என் தகரப்பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திண்டிவனத்துப் பயிற்சிப் பள்ளியில் என் பூண்டுப் பொடியை முதலில் கேலி செய்தவர்களும் நீங்கள்தான், பிறகு டப்பாவின் அடியைச் சுரண்டித் தின்றவர்களும் நீங்கள்தான். எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருத்தி கேட்டாள். கடையில் கிடைக்காது என்றேன். பீற்றிக்கொள்கிறேன் என்று எல்லோரும் சிரித்தீர்கள்.

பீற்றிக்கொண்டேன்தான். எனக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவள் நான். அது ஒன்று. அந்தப் பூண்டு இன்னொன்று. முதலாவதைப் பற்றி உங்களிடம் போதுமான அளவு பேசியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி அன்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது ஆளுக்கொரு ஊரில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறோம். சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் விக்கிரவாண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. அம்மா பிறந்தது முகையூர்ப் பக்கம். அந்த வீட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது ஒரு கொத்துப் பூண்டை மடியில் கட்டி அனுப்புவார்கள். பிள்ளை பெற்றால் தின்பதற்குப் பாதி, புருஷன் வீட்டு மண்ணில் ஊன்றுவதற்குப் பாதி. அம்மாவின் அம்மாவும் அப்படிக் கொண்டுவந்தவள்தான். எங்கிருந்து தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

பார்வைக்குச் சாதாரணமான பூண்டுதான். பல்லின் தோலில் மெல்லிய செந்நிறக் கோடு ஓடும். உரித்தால் விரல் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெயில் வதக்கினால் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று தெருக்கோடியில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்பாவுக்கு இரண்டு காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மாடுகள் கவலை ஏற்றம் இழுத்து இறைக்கும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் ஓரத்தில் அம்மா பாத்தி கட்டிப் பூண்டு போடுவாள். அப்பாவின் ஏர் அந்தப் பக்கம் திரும்பாது. அது பொம்பளைங்க பாத்தி. கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும்தான் அப்பாவின் கணக்கில் பயிர். மல்லாட்டைக்கு ஒரு விதைக்கூடை உண்டு. சாணி மெழுகி, வேப்பிலை போட்டு, உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். அதில் கை வைத்தால் அடி விழும். பஞ்ச காலத்தில்கூட அந்தக் கூடையைத் தொடவில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

பூண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. மாசியில் தோண்டி, தாளோடு சேர்த்துப் பின்னி, அடுப்புக்கு மேலே புகையில் கட்டிவிடுவாள் அம்மா. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அது சொந்தம். குழந்தைக்கு வயிற்று வலி என்று ஒருத்தி வருவாள். மகளுக்குப் பிரசவம் என்று இன்னொருத்தி வருவாள். அம்மா ஏறி நின்று, கொத்தில் பெரியதாகப் பார்த்துப் பிய்த்துக் கொடுப்பாள். பொடிசாகக் கொடுப்பதற்கு வெட்கம். தாய்வீட்டுப் பொருள் ஆயிற்றே. ஐப்பசி முடியும்போது யாரும் கேட்காமல் மிஞ்சிய பொடிப் பற்கள் கொஞ்சம் கிடக்கும். அதை ஊன்றுவாள்.

அம்மா வந்த புதிதில் ஒவ்வொரு பூண்டும் பெரிய நெல்லிக்காய் அளவு இருந்ததாம். நான் பலகை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அது இலந்தைப்பழ அளவுக்கு வந்துவிட்டது. சிலது பல் பிரியாமல் ஒற்றைக் குண்டாகவே வந்தது. மண்ணு செத்துப் போச்சு என்று அப்பா ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவந்து கொட்டினார். கண் பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த வருஷம் இன்னும் சிறுத்தது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், ஐப்பசி மழையில் அத்தை பிரசவத்துக்கு வந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை கட்டிய சிறு பெண். தாய் இல்லாதவள். அவளுக்குப் பேன் பார்த்து, பின்னல் போட்டு, பெரியவளானபோது தண்ணீர் ஊற்றி, வளவனூரில் கட்டிக் கொடுத்தவரை எல்லாம் அம்மாதான். வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’. இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே எனக்கும் சிரிப்பு வரும். அத்தையின் மாமியார் நடக்கிற மாதிரி அம்மா நடந்து காட்டுவாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வாணாம் அண்ணி, இங்கியே பெத்துருவேன்” என்பாள்.

ஒரு நாள் அத்தை அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். அந்த வருஷக் கொத்தில் தேறிய பூண்டு ஒரு கைப்பிடிதான் இருந்தது. மற்றதெல்லாம் பொடிசு.

“அண்ணி, அது எனக்குத்தானே?”

“வேற யாருக்குக் குடுப்பேன்? ஒனக்குத்தான்” என்றாள் அம்மா.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். அம்மா அப்படிச் சொன்னது உண்மை. நான் பக்கத்தில் இருந்தேன்.

மழை விட்டு, பாத்தி காலுக்குப் பதமாக வந்த ஒரு காலையில் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கிணற்றுப் பாசனத்துக்கு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். திரண்ட பருப்பு கூடைக்குப் போகும். சூம்பிய பருப்பு என் மடிக்கு வரும். அம்மா கொத்தை இறக்கிக்கொண்டுவந்து அதே முற்றத்தில் ஒரு முறத்தில் பிரித்தாள். பெரிய பூண்டு ஒரு பக்கம், அது அத்தைக்கு. பொடிசு ஒரு பக்கம், அது பாத்திக்கு.

திடீரென்று அவள் கை நின்றது. என் மடியைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கூடையைப் பார்த்தாள்.

“ஏங்க, சூம்பினத வெதச்சா இன்னா ஆவும்?”

“சூம்பினதுதான் மொளைக்கும். இத்தினி வருசமா குடித்தனம் பண்ணிக்கினு இது கூடவா தெரியாது?”

அம்மா முறத்தில் இருந்த இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெரியதை அள்ளிப் பாத்திக்கான கூடையில் போட்டாள். பொடிசைத் தள்ளி முறத்தில் விட்டாள்.

“இன்னா பண்ற?” என்றார் அப்பா.

“வெதைக்கு எடுத்து வெக்கிறேன்.”

“அது பாப்பாவுக்குன்னு வெச்சதாச்சே.”

“பாப்பாவுக்கு சந்தையில வாங்கியாந்து குடுங்க. இதத் துன்னுட்டா இதோட போச்சு.”

அப்பா சிரித்துவிட்டார். “பூண்டுக்கு ஏது வெத? அது கறிக்குப் போடறது.”

“மல்லாட்டையும் துன்றதுதான். அதுக்கு மட்டும் கூடை கட்டித் தொங்கவுட்டுக்கினு இருக்கீங்க. ஒருநா கூட அதுல கை வெக்க வுட்டீங்களா எங்கள?”

அப்பாவின் சிரிப்பு நின்றது. அத்தை உள்ளே இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“எனக்குன்னு சொன்னியே அண்ணி.”

“சொன்னேன் பாப்பா. இல்லன்னு சொல்லல. ஆனா இத்தன வருசமா நல்லத எல்லாம் துன்னுட்டு பொடிசா கெடந்தத மண்ணுல போட்டுக்கினு இருந்திருக்கோம். இந்தக் கைப்பிடியும் போயிட்டா அப்பறம் ஒனக்கும் இல்ல, ஒம் புள்ளைக்கும் இல்ல.”

“எங்கம்மா இருந்திருந்தா, எனக்கு இல்லன்னு மண்ணுக்குப் போட்டிருக்குமா?”

அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். பல்லின் நுனி மேலே இருக்கும்படி கட்டைவிரலால் அழுத்தி, மண்ணைப் போட்டு மூடி, அடுத்ததற்கு நகர்ந்தாள். வேலை முடிகிறவரை தலை நிமிரவில்லை.

மார்கழிக் குளிரில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா விக்கிரவாண்டிச் சந்தையில் வாங்கிவந்த பூண்டு வெள்ளை வெளேரென்று குண்டு குண்டாக இருந்தது. மருத்துவச்சி ஒரு பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு முற்றத்தில் துப்பினாள். “இது இன்னா, பூண்டா, பனங்குருத்தா? இந்த வூட்டுப் பூண்டு எங்க? ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்தீங்க, வூட்டுப் பொண்ணுக்கு இல்லியா?”

குழந்தை வீரிட்டு அழுதது. பால் இறங்கவில்லை. துணித் திரியை ஆட்டுப் பாலில் நனைத்து வாயில் வைத்தார்கள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா கலந்து வைத்த சோற்றை மருத்துவச்சி எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள்.

மறுநாள் காலையில் பூண்டைத் தோண்ட அப்பா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள். பூண்டுத் தாள் விரலளவு உயர்ந்து பச்சைப் பசேலென்று நின்றிருந்தது.

“தள்ளு. கொழந்த பேஜாரு பண்ணிக்கினு இருக்குது. ஊரே காறித் துப்புது. தங்கச்சி புள்ள பட்டினி கெடக்குது, நாம இங்க தோட்டம் போட்டுக்கினு இருக்கோம்னு.”

“தோண்டுங்க. தோண்டிப் பாருங்க” என்றாள் அம்மா. இடத்தை விட்டு நகரவில்லை. “மொள வுட்ட பல்லு உள்ள வெறும் தோலு. அது பாப்பாவுக்கும் ஆவாது, மண்ணுக்கும் ஆவாது.”

அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கினார். அடியில் பல் சுருங்கி, வெள்ளை வேர் நூல் நூலாகத் தொங்கியது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே குழியில் வைத்து, அம்மா செய்வது போலவே கட்டைவிரலால் மண்ணை அழுத்தினார். களைக்கொத்தை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றே ரயிலேறி விழுப்புரம் போய், தின்றால் பால் சுரக்கும் என்று, புதுச்சேரியிலிருந்து வந்த பால்சுறா வாங்கிவந்தார்.

சுறாவை ஆய்ந்து, புட்டு செய்து, சந்தைப் பூண்டையே நிறையத் தட்டிப் போட்டு அம்மா கொடுத்தனுப்பினாள். சில நாட்களில் பால் வந்தது. சுறாவால் வந்தது என்றாள் மருத்துவச்சி. வேண்டுதலால் வந்தது என்றார் அப்பா. தலைச்சன் பிரசவத்தில் பால் இறங்கச் சில நாள் ஆவது சகஜம் என்று நமக்குச் சுகாதார வகுப்பில் சொன்னார்களே, அன்று நான் ஏன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். அந்த வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

தை பிறந்ததும், வழக்கத்துக்கு முன்பாகவே, அத்தையை அழைத்துப் போக வண்டி வந்தது. அம்மா புதுப் புடவை, கருப்பட்டி, குழந்தைக்குக் கண்மை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துவந்தாள். அப்பா தட்டை வாங்கி நீட்டிய பிறகுதான் அத்தை வாங்கிக்கொண்டாள். அம்மாவிடம் போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. வண்டி ஏரிக்கரை திரும்புகிறவரை அம்மா நின்று பார்த்தாள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஊரில் ஒரு பட்டம் கிடைத்தது. நாத்தனாருக்குப் பூண்டு குடுக்காதவ. கிணற்றடியில் அவள் குடத்தை இறக்கினால், “இன்னாக்கா, பாத்திக்குக் காவல் போட்டுட்டு வந்தியா?” என்று ஒருத்தி கேட்பாள். மற்றவர்கள் குடத்துக்குள் முகத்தை விட்டுச் சிரிப்பார்கள். அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். தீபாவளி, பொங்கல் சீரை அப்பா தனியாகத்தான் வளவனூருக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்ததும் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று. “கொழந்த நல்லா கீதா?” தன்னைப் பற்றி அங்கே யாராவது விசாரித்தார்களா என்று கேட்டதில்லை.

அந்த மாசியில் தோண்டியதில் பாதிதான் தேறியது. அம்மா முதலில் ஒரு சிறிய கூடையை எடுத்து, சாணி மெழுகிக் காயவைத்தாள். நன்றாகப் பருத்த பூண்டைப் பொறுக்கி அதில் போட்டாள். மிச்சம்தான் சமையலுக்கு என்று சொல்லிவிட்டாள். கூடையை எங்கே கட்டுவது என்று அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அப்பா வந்தார். தன் மல்லாட்டைக் கூடையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி, பக்கத்தில் அதற்கு ஒரு கயிறு போட்டார். அந்த வருஷம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா பொடிசைத்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது முகம் சிவந்துபோகும். ஆனாலும் பொடிசைத்தான் கொடுத்தாள்.

அடுத்த மாசியில் தோண்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொன்றும் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. வெயிலில் மண்ணைத் தட்டினால் செந்நிறக் கோடு தெரிந்தது. பல் பிரியாத குண்டு ஒன்றுகூட இல்லை. அம்மா ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காய்ந்ததும் விதைக்கூடையை நிரப்பினாள். பிறகு மிச்சத்தில் ஆகப் பெரியதாகப் பொறுக்கி ஒரு கொத்துப் பின்னினாள். “நாளைக்கு வளவனூரு போறோம்” என்றாள் என்னிடம். அப்பா கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள்.

விக்கிரவாண்டியில் ரயிலேறி விழுப்புரத்தில் புதுச்சேரி வண்டிக்கு மாறினோம். வழியெல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் நான் உரக்கப் படித்தேன். பெட்டியில் இருந்தவர்களுக்கு என் படிப்பு தெரியவேண்டும் அல்லவா. ‘வளவனூர்’ என்று நான் படித்ததும் அம்மா கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

அத்தையின் மாமியார்தான் கதவைத் திறந்தாள். “வாங்க, வாங்க. பூண்டு வூட்டுக்காரங்களா? வழி மறந்து போச்சோன்னு பாத்தேன்” என்றாள். அவள் பின்னால் அத்தை வந்தாள். அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டு குழந்தை எட்டிப் பார்த்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கொத்தை அத்தையின் முன்னால் வைத்தாள்.

“பெருசா பாத்து எடுத்தாந்தேன் பாப்பா. ஐப்பசில வாய்க்கா ஓரமா ஊனினன்னா…”

அத்தை அதை முடிக்க விடவில்லை. ஒரு முறத்தை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தாள். முதல் பூண்டை உள்ளங்கையால் அமுக்கி உடைத்து உரிக்கத் தொடங்கினாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஒன்றையும் ஒதுக்கி வைக்கவில்லை. அம்மா ஒரு வருஷத்துக்கு மேலாகப் பட்ட பேச்செல்லாம் முறத்தில் தோலாக விழுந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

“அத்தை, அது வெதைக்கு…” என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பிறகு அவள் முறத்தருகே நகர்ந்து உட்கார்ந்தாள். கொத்திலேயே மிகப் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து, தானே உடைத்து, உரித்துப் போட்டாள். இரண்டு பேருமாக உரித்தார்கள். கடைசிப் பூண்டை இருவரும் ஒரே சமயத்தில் எடுக்கப் போனார்கள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

குழம்பு கொதித்தபோது மாமியார்கூட வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். அத்தை முதல் இலையை அம்மாவுக்குப் போட்டாள். சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். பூண்டெல்லாம் அம்மா பக்கமே விழும்படி அகப்பையைச் சாய்த்தாள்.

“துன்னு அண்ணி.”

“ஒனக்கு எடுத்து வெச்சிக்கோ பாப்பா.”

“எனக்கு வரவேண்டியது எனக்கு வந்துட்டுது. அத நான் யாருக்கு வேணா போடுவேன். துன்னு.”

அம்மா தின்றாள். ஒரு பல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அத்தை எதிரில் உட்கார்ந்து கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, குழந்தையை அம்மாவின் இடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஐப்பசிக்கு நான் வர்றேன். ஊன்றதுக்கு அப்ப எடுத்துக்கிறேன்.”

ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எல்லாவற்றையும் அத்தை குழம்பில் போட்டுவிட்டாளே, ஒன்றையாவது வைத்திருக்கக்கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

விழுப்புரம் நெருங்கும்போது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“காரம்தான் கொஞ்சம் தூக்கலா போட்டுட்டா” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய நாட்களில் அடுப்படியில் சிரிக்கும் அதே சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பெட்டியில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.